எப்படி இயங்குகிறது? மிக்ஸி தெரிந்தவருக்கு பவர் விண்டோ தெரியும்

மிக்ஸி ஓடவில்லை என்றால் நம் வீடுகளில் யாரும் உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. முதலில் ஜாரைக் கழற்றி மறுபடி அழுத்திப் பூட்டுவார்கள். பிளக்கைப் பிடுங்கி வேறு பாயின்டில் செருகுவார்கள். ஒயரைக் கழுத்துப் பக்கம் பிடித்து லேசாக ஆட்டுவார்கள். அடியில் கையை விட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்குவார்கள். எதற்கும் மசியாவிட்டால்தான் "மோட்டார் போச்சு போல" என்ற பேச்சே எழும். அதே வீட்டுக் காரின் கண்ணாடி ஒரு நாள் இறங்கிவிட்டு ஏற மறுத்தால் மட்டும், எடுத்த எடுப்பிலேயே மோட்டார் போச்சு என்கிறோம். ஒர்க்‌ஷாப்பிலும் பல நேரம் அதையே ஒப்புக்கொண்டு, மோட்டாரையும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரையும் ஒரே செட்டாக மாற்றித் தந்துவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்துப் புது மோட்டாரும் படுத்துவிடும். கம்பெனி சரியில்லை என்று அதன்மேலும் பழி விழும்.

மிக்ஸிக்குக் காட்டுகிற பொறுமையில் பாதியைக் கதவுக்குக் காட்டினால் போதும். ஏனென்றால் கதவுக்குள் இருப்பதும் ஒரு மிக்ஸிதான். கரண்ட் வரும் வழி, ஒரு ஸ்விட்ச், ஒரு மோட்டார், மோட்டாரின் சுற்றை வேலை செய்யும் இடத்துக்குக் கடத்தும் ஒரு கப்ளர், கடைசியில் அரைபட வேண்டிய சரக்கு. மிக்ஸியில் இந்த ஐந்தும் எவையென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவில் பிளக்கின் இடத்தில் ஃபியூஸும் கதவு மடிப்பில் நுழையும் ஒயர்க் கட்டும் இருக்கின்றன. கப்ளரின் இடத்தில் ஒரு பல்சக்கரமும் ரெகுலேட்டரும். அரைபட வேண்டிய சரக்கின் இடத்தில் கண்ணாடி. அதாவது கண்ணாடியின் எடையும், அது உரசிக்கொண்டு ஏறும் ரப்பர் பீடிங்கின் இறுக்கமும்.

ஒரு வித்தியாசத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மிக்ஸி ஒரே பக்கம் சுற்றினால் போதும். கண்ணாடிக்கு ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். அதனால் கதவில் இருப்பது நிலைக்காந்தம் வைத்த 12 வோல்ட் டிசி மோட்டார். அதற்கு இரண்டே ஒயர். ஒன்றில் பிளஸ்ஸும் மற்றதில் எர்த்தும் கொடுத்தால் ஒரு பக்கம் சுற்றும். மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம். ஸ்விட்ச் செய்வதெல்லாம் இந்த மாற்றிக் கொடுத்தலைத்தான். சும்மா இருக்கும்போது இரண்டு ஒயரையுமே எர்த்தில் பிடித்து வைத்திருக்கும். நாம் மேலே இழுத்தால் ஒன்றை மட்டும் விடுவித்து அதற்குப் பிளஸ் கொடுக்கும். மற்ற ஒயர் எர்த்திலேயே இருந்து கரண்ட் திரும்பும் வழியாகிவிடும். பிறகு இது ரொம்பவும் முக்கியமாகப் போகிறது.

மோட்டாரின் அச்சில் திருகு போன்ற மரை வெட்டியிருக்கும். அது ஒரு பல்சக்கரத்தைத் தள்ளும். வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுவது ஒரு வேலை. இன்னொன்று, திருகு சக்கரத்தைத் திருப்பும், சக்கரத்தால் திருகைத் திருப்ப முடியாது. வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையை வைத்து அழுத்தினாலும் கண்ணாடி கீழே போகாமல் நிற்பது இதனால்தான். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாக்கார்ட் கார்களில் கண்ணாடி ஏற்ற ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தைப் பயன்படுத்தினார்கள். கதவுக்குள் குழாயும் எண்ணெயுமாக அது எத்தனை தொல்லை கொடுத்திருக்கும் என்று நினைத்தால், இன்றைய இரண்டு ஒயர் மோட்டாரை மன்னித்துவிடலாம்.

இனி, நின்றுபோன கண்ணாடிக்கு வருவோம். முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒருமுறை முயன்று பாருங்கள். பேட்டரி சோர்ந்திருந்தால் இன்ஜின் நின்ற நிலையில் கண்ணாடி முக்கும், ஓடும்போது 14 வோல்ட் அளவுக்குக் கிடைப்பதால் சாதாரணமாக ஏறிவிடும். அப்படி ஏறினால் கதவைத் தொடவே வேண்டாம். ஏறவில்லையா, இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து, ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஸ்விட்சை இழுத்துக்கொண்டே காதைக் கதவில் வையுங்கள்.

மிக்ஸியிலும் நாம் முதலில் காதைத்தானே நம்புகிறோம்? சத்தமே இல்லை என்றால் கரண்ட் விஷயம். "ம்ம்ம்" என்று முனகி நின்றால் உள்ளே ஏதோ இறுகிக்கிடக்கிறது. "விர்ர்" என்று சுற்றியும் தேங்காய் அப்படியே இருந்தால் கப்ளர் தேய்ந்துவிட்டது. கதவிலும் இதே மூன்றுதான். முழு மௌனம் என்றால் மோட்டாருக்கு முன்னால் உள்ள வழியில் தேட வேண்டும், அல்லது மோட்டாரின் பிரஷ்ஷில். ஒரு "டக்", கண்ணாடியில் சிறு துடிப்பு, பிறகு அமைதி என்றால் மோட்டார் முயல்கிறது, அதனால் முடியவில்லை. விர்ரென்ற சத்தமோ கரகரவென்ற சத்தமோ கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பின்னால் ஏதோ அறுந்துவிட்டது.

காது தீர்மானமாகச் சொல்லாவிட்டால் கண்ணையும் துணைக்கு அழைக்கலாம். காருக்குள் மேலே இருக்கும் விளக்கைப் போட்டுவிட்டு ஸ்விட்சை இழுங்கள். விளக்கு ஒரு நொடி மங்கினால் மோட்டார் வரை கரண்ட் போகிறது என்று அர்த்தம். மங்கவே இல்லையென்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மோட்டாரின் பிரஷ் தொடவில்லை. எல்இடி விளக்கு இருக்கும் கார்களில் இந்தச் சோதனை அவ்வளவு நன்றாகத் தெரியாது. பழைய குண்டு பல்ப் என்றால் நம்பலாம். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் கோளாறு மோட்டாருக்கு முன்னாலா பின்னாலா என்று இவ்வளவில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முழு மௌனத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜார் சரியாக உட்காராவிட்டால் ஓட மறுக்கும் மிக்ஸிகள் உண்டு. கதவில் அதற்கு இணை, டிரைவர் பக்கம் இருக்கும் லாக் பொத்தான். குழந்தைகள் பின்சீட்டில் விளையாடாமல் இருக்க எப்போதோ அமுக்கியிருப்பீர்கள். டிரைவர் கண்ணாடி ஓடுகிறது, மற்றவை அவரவர் ஸ்விட்சில் ஓடவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். இதற்காகவே எலக்ட்ரீஷியனைத் தேடிப் போய், அவர் ஒரு விரலால் அதை எடுத்துவிட்டுச் சிரிக்கும் காட்சி அபூர்வமல்ல.

நான்கு கண்ணாடியும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டதா? நான்கு மோட்டாரும் கூடிப் பேசிச் சாகாது. ஃபியூஸ், ரிலே, அல்லது பொது எர்த். ஃபியூஸ் பெட்டி பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும், மூடியின் பின்பக்கம் படமும் போட்டிருக்கும். பவர் விண்டோவுக்குப் பல கார்களில் 20 முதல் 30 ஆம்பியர் ஃபியூஸ். கருகியிருந்தால் அதே அளவில் புதிது போடுங்கள். அதுவும் உடனே கருகினால் எங்கோ ஒரு ஒயர் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. அப்போது பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டித் தகடு சுற்றுவதும் கோளாறைத் தீர்க்காது. ஃபியூஸுக்குப் பதில் ஒயர் கருகத் தொடங்கும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு கண்ணாடி மட்டும் என்றால் டிரைவர் கதவில் இருக்கும் ஸ்விட்ச் தொகுதியிலிருந்தும் அதை இயக்கிப் பாருங்கள். அங்கிருந்து ஓடி, அந்தக் கதவின் ஸ்விட்சில் ஓடவில்லை என்றால் அந்த ஸ்விட்ச்தான். பின்கதவுகள் இரண்டின் ஸ்விட்சும் பல கார்களில் ஒரே மாதிரி இருக்கும். இடம் மாற்றிச் செருகிப் பார்த்தால் ஐந்து பைசா செலவில்லாமல் உறுதியாகிவிடும்.

ஆனால் எதிலிருந்தும் ஓடவில்லை என்றால் உடனே அந்தக் கதவைப் பிரித்துவிட வேண்டாம். சும்மா இருக்கும் ஸ்விட்ச் இரண்டு ஒயரையும் எர்த்தில் பிடித்திருக்கும் என்றோம் அல்லவா? எளிய வயரிங் உள்ள பல கார்களில் பின்கதவு ஸ்விட்ச் தனக்கென்று எர்த் வைத்துக்கொள்வதில்லை. டிரைவர் ஸ்விட்ச் தொகுதியின் வழியாகத்தான் அதற்கு எர்த் போகிறது. ஆகவே இடது பின் கண்ணாடி அதன் சொந்த ஸ்விட்சில் ஓடாததற்குக் காரணம், வலது முன்கதவில் கறுத்துப்போன ஒரு செப்புப் பொட்டாக இருக்கலாம். வீட்டில் மிக்ஸி நின்றதற்குக் காரணம் மிக்ஸியில் இல்லாமல், வாசல் பக்கத்து மெயின் போர்டில் இருப்பதைப் போல. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாததால் மாற்றப்பட்ட நல்ல மோட்டார்கள் ஏராளமாக இருக்கும்.

டிரைவர் ஸ்விட்ச் தொகுதிக்கு வேறு கஷ்டமும் உண்டு. அதிகம் திறக்கும் ஜன்னலுக்கு நேர் கீழே, கைதாங்கியில் அது உட்கார்ந்திருக்கிறது. மழையில் யாரிடமாவது வழி கேட்கக் கண்ணாடியை இறக்கினால் சாரல் அதன்மேல்தான் விழும். டீயும் அதன்மேல்தான் சிந்தும். 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு அந்த ஜன்னலுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது. ஃபாஸ்டேக் போட்டவர்கள் யாரும் அதற்காகப் போடவில்லை என்றாலும்.

கறுத்த பொட்டு என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இங்கேதான் வீட்டுக் கரண்டும் கார்க் கரண்டும் பிரிகின்றன. கொஞ்சம் கணக்குப் போடலாம். 750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் முழு வேகத்தில் இழுப்பது மூன்றேகால் ஆம்பியர். கண்ணாடி மோட்டாரின் சக்தி ஏறத்தாழ 100 வாட்தான், மிக்ஸியில் ஏழில் ஒரு பங்கு. ஆனால் 12 வோல்ட்டில் அந்த 100 வாட்டைக் கொடுக்க எட்டு ஆம்பியருக்கு மேல் வேண்டும். சின்ன மோட்டார்தான் அதிகக் கரண்டை இழுக்கிறது! இப்போது ஸ்விட்ச் பொட்டில் கரி படிந்து அரை ஓம் தடை ஏற்பட்டுவிட்டதாக வையுங்கள். மிக்ஸியில் அந்த அரை ஓம் தின்பது ஒன்றரை வோல்ட் சொச்சம். 230இல் அது ஒரு பொருட்டே இல்லை, சட்னி அரைபட்டுவிடும். கதவில் எட்டு ஆம்பியர் அந்த அரை ஓம் வழியாகப் போக முயன்றால் நான்கு வோல்ட் அங்கேயே காலி. 12இல் மூன்றில் ஒரு பங்கு. கரண்ட் கொஞ்சம் குறைந்து இழப்பும் சற்றே குறையும் என்றாலும், மோட்டாருக்குப் போய்ச் சேருவது அரைப் பட்டினிதான். அதனால்தான் வீட்டில் யாரும் கவலைப்படாத துரு, தளர்ந்த ஸ்க்ரூ, கறுத்த பொட்டு எல்லாம் காரில் பெரிய வியாதியாகிவிடுகின்றன.

மெதுவாக ஏறும் கண்ணாடியை இதை வைத்தே இரண்டாகப் பிரிக்கலாம். மெதுவாக ஏறுகிறது, விளக்கும் நன்றாக மங்குகிறது என்றால் மோட்டார் அதிகக் கரண்டை இழுத்துப் போராடுகிறது; இறுக்கம் பீடிங்கில். மெதுவாக ஏறுகிறது, விளக்கு மங்கவில்லை என்றால் கரண்ட் மோட்டாருக்குப் போதுமான அளவு போகவில்லை; ஸ்விட்சையோ எர்த்தையோ பாருங்கள். ஸ்விட்ச் தொகுதியைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, ரொம்பக் கறுத்திருந்தால் மெல்லிய எமரி பேப்பரால் ஒரே ஒரு தேய்ப்பு தேய்த்தால் பல நேரம் அது உயிர்பெறும். தேய்ப்பதை ஒரு விரதமாக எடுத்துக்கொண்டு பொட்டையே காலி செய்துவிடக் கூடாது.

அடுத்தது கழுத்து. மிக்ஸி ஒயர் எங்கே அறும்? நடுவில் அறுவதில்லை, தினமும் வளையும் இடத்தில், பிளக்கின் கழுத்தில் அறும். மேல்தோல் அப்படியே இருக்கும், உள்ளே செம்பு முறிந்திருக்கும். கதவில் அந்தக் கழுத்து, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் கீல் பக்கம் இருக்கும் ரப்பர்க் குழாய். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இருக்கும் ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. சோதனை மிக்ஸிக்குச் செய்வதுதான். ஒருவர் ஸ்விட்சை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் கதவை மெதுவாகப் பாதி திறந்து, முக்கால் திறந்து, மூடிப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் கண்ணாடி திடீரென்று ஏறினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதே கதவில் ஸ்பீக்கரோ சென்ட்ரல் லாக்கோ சேர்ந்து மக்கர் செய்தால் சந்தேகமே வேண்டாம். முறிந்த இடத்தில் வெறுமனே முறுக்கி டேப் ஒட்டினால் அடுத்த மாதம் மறுபடி விடும். கொஞ்சம் நீளமான, வளையக்கூடிய மெல்லிழை ஒயரை இணைத்து, ஈயம் வைத்து, ஒட்டு விழும் இடம் மடிப்புக்கு வெளியே வருமாறு செய்ய வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மௌனம் என்றால் ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. ஸ்விட்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே, கதவின் உட்பக்கம் மோட்டார் இருக்கும் இடத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மிக்ஸி தலையில் தட்டுவது போலத்தான். உடனே ஓடினால் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து, சுற்றும் செம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. மிக்ஸிக்குப் பிரஷ் மட்டும் வாங்கி மாற்றிவிடலாம். கண்ணாடி மோட்டாரின் பிரஷ் தனியாகக் கிடைப்பது அரிது. மோட்டாராகத்தான் மாற்ற வேண்டும். தட்டி ஓடவைத்த கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, மாற்றும் வரை இறக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

இனி முனகிவிட்டு நிற்கும் கண்ணாடி. என்னைக் கேட்டால் கதவின் கதையே இதுதான், மற்றதெல்லாம் கிளைக்கதை.

1960களில் மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்ஸர் இருந்தது. ஐரோப்பியச் சமையலுக்குச் செய்த கருவி, நம் மசாலாவையும் பருப்பையும் தாங்காமல் மோட்டார் கருகிவிட்டது. மனைவி மாதுரி அதை எடுத்துச்சொல்ல, நம் அரவைச் சுமையைத் தாங்கும் மோட்டாரை அவரே வடிவமைத்தார். அதுதான் சுமீத் மிக்ஸியாக நம் சமையலறைகளுக்கு வந்தது. மோட்டாரின்மேல் என்ன சுமை விழுகிறது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மாத்தூர் மோட்டாரைப் பெரிதாக்கினார். கதவில் நம்மால் அது முடியாது. சுமையைக் குறைக்கத்தான் முடியும்.

கண்ணாடியின் எடையா சுமை? அது மாறாதது. மாறுவது உரசல். ஜன்னல் சட்டத்தின் இரண்டு பக்கமும் மேலேயும் ரப்பர்ப் பள்ளம் ஓடுகிறது. அதன் உட்புறம் வெல்வெட் போன்ற மெல்லிய பூச்சு. கண்ணாடி அதில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வெயிலில் நிறுத்தும் காரில் ரப்பர் காய்ந்து சுருங்கும், வெல்வெட் உதிரும், பள்ளத்தில் மண் சேரும். தூசியோடு கண்ணாடி ஏறி இறங்கினால் அதுவே உப்புத்தாளாகிவிடும். ஓரம் கிளம்பிய சன் ஃபிலிம் மடங்கி உள்ளே சொருகிக்கொள்வதும் உண்டு. அதிகம் திறக்காத பின்கதவுகளில் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டியே போய்விடும்.

விளைவு, மோட்டார் நின்ற நிலையில் முக்குகிறது. சுற்றாமல் முக்கும் மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு கரண்டை இழுத்துச் சூடாகும். கெட்டி மாவில் மிக்ஸி திணறினால் அடியில் சிவப்புப் பொத்தான் வெளியே வந்து காப்பாற்றுகிறது அல்லவா, கண்ணாடி மோட்டாருக்குள்ளும் அப்படி ஒரு காவல் உண்டு. சூடானால் தானே கரண்டைத் தடுக்கும், ஆறினால் தானே விடும். பொத்தான் எதுவும் கிடையாது. இதனால்தான் "நேற்று ஓடவில்லை, இன்று காலையில் ஓடுகிறது, மத்தியானம் மறுபடி நின்றுவிட்டது" என்ற விநோதம் நடக்கிறது. எலக்ட்ரீஷியன் பார்க்கும் நேரத்தில் சமர்த்தாக ஓடி மானத்தை வாங்கும். காவல் பலமுறை விழுந்து எழுந்தால் அதுவே ஒரு நாள் எழாமல் போகும். அதற்குள் ஸ்விட்சின் பொட்டுகளும் அந்தக் கரண்டில் பொறி பறந்து கருகியிருக்கும். மோட்டார் போச்சு என்பது அப்போது உண்மைதான். ஆனால் கொன்றது பீடிங். பீடிங்கைத் தொடாமல் மாற்றிய புது மோட்டார் ஏன் ஒரு வருடத்தில் படுத்தது என்பதற்கும் விடை இதுவே.

செய்ய வேண்டியது எளிது. கண்ணாடியை முழுக்க இறக்கி, ஈரத் துணியை ஒரு தட்டையான பிளாஸ்டிக் பட்டையில் சுற்றி, பள்ளத்துக்குள் விட்டு அழுக்கைத் துடைத்தெடுங்கள். காய்ந்ததும் சிலிக்கோன் ஸ்ப்ரே அடியுங்கள். தேங்காய் எண்ணெயும் கிரீஸும் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வழுக்கும், ஒரு வாரத்தில் ஊர்ப்புழுதியெல்லாம் அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும், சில எண்ணெய்களில் ரப்பரும் ஊதும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறவர்களுக்கு மோட்டார் செலவு பெரும்பாலும் வருவதில்லை. ரப்பர் கிழிந்தோ கல்லாகியோ போயிருந்தால் பீடிங்கை மாற்றிவிடுங்கள். மோட்டாரைவிட மலிவு.

மூன்றாவது சத்தம், விர்ரென்று சுற்றியும் அசையாதது. கப்ளர் வேலை. மோட்டாரின் திருகு தள்ளும் பல்சக்கரம் பெரும்பாலும் பிளாஸ்டிக்; அதில் பல் போயிருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது ரெகுலேட்டரில். இன்றைய கார்களில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் உருளையில் சுற்றிய மெல்லிய இரும்புக் கயிறு, கண்ணாடியைப் பிடித்திருக்கும் துண்டை மேலும் கீழும் இழுக்கிறது. கயிறு பிரிந்து சிலும்பி உருளையில் சிக்கினால் கரகரவென்று சத்தம் கேட்கும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்தால், ஒரு பெரிய சத்தத்தோடு கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிடும். இதற்கு ரெகுலேட்டரை மாற்றுவதுதான் வழி. கயிற்றை முடிச்சுப் போட்டுச் சமாளித்த வித்தகர்கள் உண்டு. முடிச்சு உருளைக்குள் போகாது என்பதை அவர்களும் விரைவில் கண்டுகொள்வார்கள்.

கதவைப் பிரிக்கும் நிலை வந்தால் சில விஷயங்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். உள்கைப்பிடிக்குப் பின்னாலும் இழுக்கும் பிடியின் மூடிக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அதையெல்லாம் எடுத்த பிறகும் கதவின் உட்பக்க டிரிம் வராவிட்டால் இன்னும் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள், பலம் போதவில்லை என்று அல்ல. உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரியுங்கள்.

இப்போது மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றி, பேட்டரியை மறுபடி இணைத்து, டெஸ்ட் லாம்பை அந்த இரண்டு ஒயருக்கும் குறுக்கே வைத்து ஸ்விட்சை மேலும் கீழும் இயக்குங்கள். இரண்டு பக்கமும் பளிச்சென்று எரிந்தால் இதுவரை வந்த வழி சுத்தம், குற்றவாளி மோட்டார். எரியாவிட்டால் லாம்பின் ஒரு முனையைப் பாடியில் வைத்துப் பாருங்கள். அப்போது எரிந்தால் பிளஸ் வருகிறது, எர்த் மட்டும் இல்லை. டிரைவர் ஸ்விட்சுக்குத் திரும்புங்கள். மல்டிமீட்டர் இருக்க டெஸ்ட் லாம்ப் எதற்கு என்று கேட்கலாம். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும், ஏனென்றால் அது கரண்டை இழுப்பதே இல்லை. பல்ப் இழுக்கும், அதனால் உண்மை வெளிவரும். ஸ்விட்ச் வெறும் சைகை மட்டும் கொடுத்து, கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று மோட்டாரை ஓட்டும் புதுக் கார்களில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

ஜாரைக் கழற்றி பிளேடைக் கையால் சுற்றிப் பார்ப்பதற்கு இணையான சோதனையும் இப்போது கைக்கு எட்டும். கண்ணாடியை ரெகுலேட்டரிலிருந்து விடுவித்து, இரண்டு கையாலும் பிடித்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கினால் பீடிங் நல்லது. கைக்கே கஷ்டம் என்றால் மோட்டாரை வாங்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். மோட்டாரைக் கழற்றும் முன் கண்ணாடியை மேல் சட்டத்தோடு அகலமான டேப்பால் ஒட்டி நிறுத்த மறக்க வேண்டாம், மோட்டாரை எடுத்தவுடன் கண்ணாடி விழக்கூடும். கத்தரிக்கோல் வடிவ ரெகுலேட்டர் உள்ள பழைய வண்டிகளில் கண்ணாடியின் எடையைத் தாங்க முறுக்கிய ஸ்பிரிங் இருக்கும். அதைக் கட்டிப்போடாமல் மோட்டாரைக் கழற்றினால் ரெகுலேட்டரின் கை விசையோடு திரும்பி விரலை நசுக்கும். இது பயமுறுத்த எழுதியது அல்ல.

வேலை முடிந்து மூடும்போது அந்தப் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டுங்கள். மழைத் தண்ணீர் கதவுக்குள் வருவது கோளாறு இல்லை. வெளிப்பீடிங்கைத் தாண்டி உள்ளே இறங்கி, கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும் என்பதே ஏற்பாடு. தாள் இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் டிரிம்மை நனைத்து உள்ளே காலடி விரிப்புக்கு வரும். அடித்துளைகள் மண்ணாலும் இலையாலும் அடைபட்டால் கதவுக்குள் குளம் கட்டி மோட்டார் துருப்பிடிக்கும். ஒரு குச்சியால் துளைகளைக் குத்திவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே வடிகிறதா என்று பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு, ஒரே தொடுதலில் முழுக்க ஏறும் கண்ணாடிகள் சில கார்களில் அந்தப் பழக்கத்தை மறந்துவிடும். மோட்டாரும் பீடிங்கும் சரியாக இருந்தும் பாதியில் நிற்கும், அல்லது ஏறி உடனே இறங்கும். பொதுவாக, கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றி ஸ்விட்சைச் சில நொடி விடாமல் இழுத்துப் பிடித்தால் மேல் எல்லையை மறுபடி கற்றுக்கொள்ளும். வண்டிக்கு வண்டி முறை மாறும், கையேட்டில் இருக்கும். இந்த வகைக் கண்ணாடி ஏதாவது குறுக்கே வந்தால் தானே இறங்க வேண்டும். அமெரிக்க விதிகளின்படி, தானாக ஏறும் கண்ணாடி 100 நியூட்டனுக்கு மேல் அழுத்தும் முன்பே திரும்பிவிட வேண்டும்; பத்துக் கிலோ எடையின் அழுத்தம் அது. கற்றுக்கொண்டதா என்று பார்க்க, சுருட்டிய செய்தித்தாளை மேலே சட்டத்தில் பிடித்துக் கண்ணாடியை ஏற்றிப் பாருங்கள். தாளைத் தொட்டதும் இறங்கினால் குழந்தைகளைப் பின்சீட்டில் உட்காரவைக்கலாம். இறங்காமல் தாளை நசுக்கினால், லாக் பொத்தானை அமுக்கிவிட்டு மறுபடி கையேட்டை எடுங்கள்.